குழந்தை வண்டியில் பூஞ்சணம்

ஐப்பசி மாதத்து அடைமழை நான்கு நாள் விடாது பெய்து ஓய்ந்தபின் வீட்டுக்குள் நுழைந்தால் ஒருவகை வாடை வருகிறது. மூலையில் சுருட்டிவைத்த பாய், பரணில் கிடக்கும் பழந்துணி, ஆணியில் தொங்கும் பை ஆகிய எல்லாவற்றிலும் அவ்வாடை ஏறியிருக்கும். சில நாள் கழித்து அவற்றை விரித்துப் பார்த்தால் கரும்புள்ளிகளோ, சாம்பல் நிறப் படலமோ காணப்படும். இதனைப் பூஞ்சணம் என்கிறோம். பூசணம் என்றும் பூஞ்சை என்றும் சொல்வதுண்டு. ஊறுகாயில் பூத்தால் எடுத்து எறிந்துவிடுகிறோம். செருப்பில் பூத்தால் துடைத்துவிட்டு நடக்கிறோம். குழந்தை படுத்துறங்கும் துணியில் பூத்தால் என்ன செய்வது? அதனைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறேன்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் காவாந்தண்டலம் என்றோர் ஊர் இருக்கிறது. நெல் விளையும் ஊர். அவ்வட்டாரத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது. ஏரி நிறைகிறது, வயல் நிறைகிறது, காற்றும் ஈரத்தால் நிறைகிறது. அங்கே குழந்தைக்குப் படுக்கை, தாயின் பழைய நூற்சேலையை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்ட தூளி. அண்மைக் காலத்தில் தூளிக்குத் துணையாக மற்றொன்றும் சிற்றூர்களுக்கு வந்துவிட்டது. நகரத்து உறவினர் கொடுத்ததும், கடையில் வாங்கியதுமாகிய, மடக்கக்கூடிய தள்ளுவண்டிதான் அது. தூளியில் அரிதாகத் தோன்றும் பூஞ்சணம் இவ்வண்டியில் எளிதில் தோன்றுகிறது. அது ஏன் என்று ஆராய்ந்தால், அதைப் போக்கும் வழியும் தானே விளங்கிவிடும்.

முதலில், பூஞ்சணம் என்பது யாது? அது அழுக்கன்று, கறையுமன்று, ஓர் உயிர். இங்கிலாந்து தேசத்து அறிஞர் இராபர்ட் ஹூக், 1665-இல் வெளியிட்ட ‘மைக்ரோகிராபியா’ என்னும் நூலில், ஒரு சிறு புத்தகத்தின் ஆட்டுத்தோல் உறைமேல் படிந்திருந்த வெண்ணிறப் பூஞ்சணத்தை உருப்பெருக்கியின்கீழ் வைத்து நோக்கிப் படமாக வரைந்தார். வெறுங்கண்ணுக்கு மாவு தூவியதுபோல் தெரிந்த அப்புள்ளி, கருவியின்கீழ் நீண்ட காம்புகளும் அவற்றின் உச்சியில் உருண்டைத் தலைகளும் கொண்ட ஒரு சிறு தோப்பாகக் காட்சியளித்தது.

அத்தோப்பு எங்கிருந்து முளைத்தது? ஈரத்திலிருந்து தானாகவே தோன்றுகிறது என்றே நெடுங்காலம் நம்பினர். இத்தாலி நாட்டுத் தாவர அறிஞர் மிக்கேலி அந்நம்பிக்கையை அசைத்தார். பூஞ்சணத்தின் உச்சியிலிருந்த தூளை எடுத்து முலாம்பழத் துண்டுகளின்மேல் தூவினார். எந்த வகையின் தூளைத் தூவினாரோ அந்த வகையே அங்கே வளர்ந்தது. அத்தூள்தான் வித்து என்று 1729-இல் வெளியான தம் நூலில் எடுத்துரைத்தார். தேவாலயங்களில் புனித நீர் தெளிக்கும் கருவியைப் போன்ற தலையுடைய ஒரு வகைக்கு ‘ஆஸ்பெர்ஜில்லஸ்’ என்று அவர் இட்ட பெயரே இன்றும் வழங்குகிறது. நம் வெங்காயத்தின்மேல் கரித்தூள் போல் படிவதும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. நம் நாட்டில் இவ்வகை இழைப்பூஞ்சைகளை விரிவாக ஆராய்ந்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த சி. வி. சுப்பிரமணியன் ஆவார். இந்திய இழைப்பூஞ்சைகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1971-இல் வெளிவந்தது.

பூஞ்சையின் வித்து மிக நுண்ணியது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் இரண்டு முதல் பத்துக் கூறு அளவே பெரும்பாலான வித்துக்களின் பருமன். இவை காற்றில் எங்கும் மிதக்கின்றன. நாம் மூச்சுவிடும் இந்நேரத்திலும் மிதக்கின்றன. ஆகவே, வித்துக்களே இல்லாத வீடு என்று ஒன்று இல்லை. வித்து வந்து விழுவதை நம்மால் தடுக்க முடியாது. விழுந்த வித்து முளைப்பதைத்தான் தடுக்க முடியும். முளைப்பதற்கு அதற்கு இரண்டு பொருள்கள் தேவை. ஒன்று உணவு, மற்றொன்று நீர். வேண்டிய வெப்பம் நம் நாட்டில் எப்போதும் உண்டு. இருபத்தைந்து முதல் முப்பது பாகை செல்சியஸ் வரை உள்ள வெப்பம் அதற்கு மிகவும் உகந்தது. நமக்கும் அதுவே சுகமான வெப்பம்!

உணவைப் பற்றி முதலில் பார்ப்போம். பச்சை இலைபோலச் சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கப் பூஞ்சைக்குத் தெரியாது. நம்மைப்போல் உண்டு செரிக்க வயிறும் கிடையாது. அது செய்வது விந்தையானது. தன் இழைகளிலிருந்து நொதிகளை வெளியே கசியவிட்டு, உணவை வெளியிலேயே செரித்து, பின்பு உறிஞ்சிக்கொள்கிறது. பருத்தி நூல் ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ் என்னும் பொருளாலானது. சில பூஞ்சைகள் அந்தச் செல்லுலோஸையே செரிக்கவல்லவை. நெடுநாள் ஈரத்தில் கிடந்த துணி கையில் எடுத்ததும் கிழிந்துபோவது இதனாலேயாம்.

இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் பெருங்கடலின் தீவுகளில் தங்கிய அமெரிக்கப் படையினரின் கூடாரங்களும் பைகளும் விரைவில் மக்கிக் கிழிந்தன. காரணத்தைத் தேடிய ஆராய்ச்சியாளர்கள், சாலமன் தீவுகளில் அழுகிய பருத்திக் கித்தானிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தனர். அதன் நொதியைப் பல்லாண்டு ஆராய்ந்தவர் எல்வின் ரீஸ் என்பவர். 1977-இல் அப்பூஞ்சைக்கு அவர் பெயரையே சேர்த்து ‘டிரைக்கோடெர்மா ரீசி’ என்று பெயரிட்டனர். அன்று கூடாரத்தைத் தின்ற அதே நொதி, இன்று ஆலைகளில் முரட்டு நீலக் காற்சட்டைத் துணியை மென்மையாக்கப் பயன்படுகிறது.

ஆயினும், எல்லாப் பூஞ்சைகளும் நூலைத் தின்பதில்லை. நூலைவிட எளிதில் செரிக்கும் உணவு கிடைக்குமானால் அதனையே முதலில் நாடுகின்றன. அரிசிக் கஞ்சி அத்தகைய உணவு. கைத்தறி நெசவாளர் பாவுக்குக் கஞ்சி போடுவது நூலுக்கு வலிமை தருவதற்காக. நாம் வேட்டிக்குக் கஞ்சி போடுவது மிடுக்குக்காக. பூஞ்சைக்கோ அது விருந்து. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள், துணியின் எடையைக் கூட்ட மாவும் களிமண்ணும் கலந்த கஞ்சியை மிகுதியாக ஏற்றின. கப்பலேறிக் கீழ்நாடுகளுக்கு வந்துசேர்ந்த சில பொதிகளைப் பிரித்தபோது உள்ளே புள்ளி விழுந்திருந்தது. வணிகரிடையே வழக்குகள் எழுந்தன. அதன்பின் கஞ்சியோடு துத்தநாகக் குளோரைடு சேர்த்துப் பூஞ்சையைத் தடுக்க முயன்றார்கள். மழைக்காலத்தில் கஞ்சி போட்ட வேட்டியில் முதலில் புள்ளி விழுவதன் காரணமும் இதுதான்.

அப்படியானால், பாலியெஸ்டர் நூலால் ஆன குழந்தை வண்டியில் பூஞ்சணம் ஏன் வருகிறது? நெகிழியை இப்பூஞ்சைகள் உண்ணுவதில்லையே! மாணவர்கள் சிந்திக்கவேண்டிய கேள்வி இது. இதற்கு விடையை நான் நூலகத்தில் அன்று, காவாந்தண்டலத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் கேட்டேன். அவ்வீட்டு வண்டி மழைக்காலம் முழுவதும் பரண்மேல் மடங்கிக் கிடந்து, பொங்கலுக்குப் பின் இறக்கப்பட்டது. இருக்கையெங்கும் கரும்புள்ளிகள். குழந்தையின் தாய் ஈரத்துணியால் துடைத்தாள், புள்ளி மங்கிற்று. சில நாளில் மீண்டும் தோன்றிற்று.

“எத்தினி வாட்டி துடைச்சாலும் வருதே, ஆயா” என்றாள்.

முதியவள் இருக்கையின் மடிப்பை இரு விரலால் விரித்துக் காட்டினாள். உள்ளே காய்ந்த பாலும் பிஸ்கட்டுத் தூளும் ஒட்டியிருந்தன. “அதுக்குச் சோறு உள்ளே வெச்சிருக்கே. மேலே துடைச்சா அது எங்கேம்மா போவும்?” என்றாள்.

இதைவிடத் தெளிவாக எந்த ஆசிரியர் சொல்ல இயலும்? பூஞ்சை உண்பது பாலியெஸ்டரையன்று. அதன்மேல் நாம் விட்டுவைக்கும் பாலை, கூழை, எண்ணெயை, வியர்வையை. ஈரத்துணியால் துடைத்தது உணவை எடுக்கவில்லை. மாறாக, குறைந்திருந்த நீரையும் கொடுத்துவிட்டது.

இனி நீரைப் பற்றிக் கூறுவேன். பருத்தி நீரை விரும்பும் இயல்புடையது. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும்போது, 100 கிராம் உலர்ந்த பருத்தி ஏறக்குறைய 8 கிராம் நீரைத் தனக்குள் ஏற்றுக்கொண்டிருக்கும். ஈரப்பதம் 95 விழுக்காட்டை எட்டும்போது அது இருமடங்குக்கும் மேலாகிவிடும். தொட்டால் உலர்ந்ததுபோல் தோன்றும் துணியிலும் பூஞ்சைக்குத் தேவையான நீர் இருக்கக்கூடும் என்பதை இதனால் அறியலாம். பாலியெஸ்டரோ 65 விழுக்காட்டில் அரை கிராம் நீரைக்கூட ஏற்பதில்லை. ஆனால், வண்டியின் இருக்கையில் பாலியெஸ்டர் துணிக்கு அடியில் நுரைமெத்தை இருக்கிறது. அதன் கண்ணறைகள் கடற்பஞ்சுபோல் நீரைப் பிடித்துவைக்கின்றன. மேல்துணி காய்ந்தாலும் உள்மெத்தை காய்வதில்லை.

தூளியையும் வண்டியையும் இங்கே ஒப்பிட்டுப் பாருங்கள். தூளி ஒரே மடிப்புத் துணி; பலமுறை துவைத்துக் கஞ்சியெல்லாம் போன துணி; நனைந்தால் உடனே அவிழ்த்து அலசி, மாற்றுச் சேலையைக் கட்டிவிடுகிறார்கள்; நாற்புறமும் காற்று படுகிறது. வண்டியில் துணிமேல் துணி. தையல், பட்டை, மடிப்பு, மெத்தை. 1965-ஆம் ஆண்டு ஓவன் மக்லாரன் என்னும் ஆங்கிலேய விமானப் பொறியாளர், குடைபோல் மடங்கும் இலேசான குழந்தை வண்டிக்குக் காப்புரிமை கோரினார். பேருந்திலும் தொடர்வண்டியிலும் எளிதில் எடுத்துச்செல்ல உதவும் நல்ல கண்டுபிடிப்பு அது. ஆனால், மடக்குவதற்கு எளிதாயிருப்பதே, ஈரத்தோடு மடக்கி மூலையில் சார்த்திவைக்கும் பழக்கத்துக்கும் வழிவகுத்துவிட்டது. மடிப்புக்குள் சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லை. இரண்டொரு நாளில் வித்து முளைக்கத் தொடங்குகிறது.

“நான்கு புள்ளிகளுக்காக இவ்வளவு பேச்சா?” என்று சிலர் எண்ணலாம். குழந்தையின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். நாம் ஓய்வாக இருக்கையில் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை மூச்சுவிடுகிறோம். பிறந்த குழந்தை முப்பது முதல் அறுபது முறை விடுகிறது. அதன் மூச்சுக்குழல்களோ மிகக் குறுகியவை. துணியில் முகம் புதைத்து மணிக்கணக்காக உறங்கும். எழுந்து அப்பால் போகவும் தெரியாது. வாடை அடிக்கிறது என்று சொல்லவும் தெரியாது.

ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா முதலியவை மிகுதியாகக் காணப்படுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் கூறுகிறது. 2020 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், சுவரெங்கும் பூஞ்சணம் படர்ந்த குடியிருப்பில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தையொன்று மூச்சுநோயால் இறந்தது. நீண்ட நாள் பூஞ்சணச் சூழலில் இருந்ததே நோய்க்குக் காரணம் என்று விசாரணை அதிகாரி 2022-இல் தீர்ப்புரைத்தார். சமூக வாடகை வீடுகளின் பூஞ்சணத்தை உரிய காலத்துக்குள் நீக்கவேண்டும் என்பதற்கு 2023-இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் சட்டமியற்றிற்று. வண்டியில் தோன்றும் சில புள்ளிகளும் சுவர் முழுவதும் படர்ந்த பூஞ்சணமும் ஒன்றல்ல. உடல்நலமுள்ள குழந்தைக்குச் சிறு புள்ளியால் பெருந்தீங்கு விளையும் என்று அஞ்சவேண்டுவதில்லை. எனினும், குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், இளைப்புள்ள குழந்தைக்கும் சிறிதும் ஆகாது. ஆதலால், புள்ளி தெரிந்த அன்றே வண்டியை விலக்கிவைத்துத் தூய்மை செய்வதுதான் அறிவுடைமை.

எப்படித் தூய்மை செய்வது? வரிசையாகச் சொல்கிறேன். இந்த வரிசையே முக்கியம்.

முதலாவது, வண்டியை வீட்டுக்கு வெளியே, குழந்தையும் மற்றவரும் இல்லாத இடத்துக்குக் கொண்டுசெல்லவேண்டும். மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொள்ளவேண்டும். கழற்றக்கூடிய துணிகள் அனைத்தையும் கழற்றி, காய்ந்த நிலையிலேயே தூரிகையால் மெல்லத் தட்டி எடுக்கவேண்டும். வீட்டுக்குள் உதறினால் ஆயிரக்கணக்கான வித்துக்களை நாமே அறையெங்கும் விதைத்தவர்களாவோம்.

இரண்டாவது, உணவை அகற்றவேண்டும். சவர்க்காரமோ சலவைத்தூளோ கரைத்த வெந்நீரில் துணிகளை ஊறவைத்து, தையலோரங்களைத் தூரிகையால் தேய்த்துக் கழுவவேண்டும். துணியில் தைத்துள்ள குறிப்பு எவ்வளவு வெப்பத்தை அனுமதிக்கிறதோ அவ்வளவு சூடான நீர் நன்று. பெரும்பாலான பூஞ்சைகளும் அவற்றின் வித்துக்களும் 60 பாகைக்கு மேற்பட்ட ஈரவெப்பத்தில் சிறிது நேரத்தில் மடிந்துவிடுகின்றன.

இவ்விடத்தில் நம் ஊர்ச் சலவைத் தொழிலாளரின் வெள்ளாவி முறையை நினைவுகூர்தல் தகும். துணியை உவர்மண் கரைத்த நீரில் நனைத்து, அடுப்பின்மேல் நீர்ப்பானை வைத்து, அதன்மேல் துணியை அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவைப்பார்கள். உவர்மண்ணில் உள்ள சோடியம் கார்பனேட் என்னும் காரம் எண்ணெய்ப் பசையையும் பால்கறையையும் பிரித்துவிடுகிறது, ஆவியின் வெப்பம் உயிர்களைக் கொல்கிறது, மறுநாள் ஆற்றுநீர் இரண்டையும் அடித்துச்செல்கிறது, வெயில் உலர்த்திவிடுகிறது. உணவை நீக்குதல், உயிரைக் கொல்லுதல், நீரைப் போக்குதல் ஆகிய மூன்றும் ஒரே முறையில் அடங்கியிருக்கின்றன! தூளிச்சேலை, குழந்தைக் கந்தல் முதலிய வெள்ளைப் பருத்தித் துணிகளுக்கு இன்றும் இதைவிடச் சிறந்த முறை இல்லை. பாலியெஸ்டர் துணியை மட்டும் இவ்வாறு ஆவியில் வேகவைத்தல் கூடாது, சுருங்கிக் கெடும்.

மூன்றாவது, கறை. பூஞ்சை மடிந்தபின்னும் கரும்புள்ளி மறையாதிருத்தல் உண்டு. அது மெலனின் என்னும் நிறப்பொருள்; நம் தலைமயிரைக் கறுப்பாக்குவதும் அவ்வகைப் பொருளே. சவர்க்காரத்துக்கு அது அசைவதில்லை. எனவே, எஞ்சிய நிறம் ஒரு வடுவே, நோய் அன்று. வெள்ளைப் பருத்தியாயின் வெளுப்புத் திரவத்தை, புட்டியிலுள்ள குறிப்பின்படி நீர் கலந்து பயன்படுத்தலாம். நிறத்துணிக்கு ஆக்சிஜனால் வெளுக்கும் தூள் ஏற்றது. பட்டுக்கும் கம்பளிக்கும் வெளுப்புத் திரவம் ஆகாது. குழந்தையைப் பிணைக்கும் பட்டைகளுக்கும் அதனைப் போடுதல் கூடாது. இழை நலிந்துபோனால், பட்டை தன் கடமையைச் செய்ய இயலாமற் போகும். பட்டைகளை இலேசான சவர்க்கார நீரால் மட்டும் கழுவவேண்டும். எதைப் பயன்படுத்தினாலும் மூன்று முறையேனும் நல்ல நீரில் அலசி, துணியில் ஒன்றும் எஞ்சாதபடி செய்யவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். வெளுப்புத் திரவத்தோடும் பிளீச்சிங் பௌடரோடும் எலுமிச்சைச் சாறு, வினிகர், கழிவறை கழுவும் ஆசிட் முதலிய எந்தப் புளிப்புப் பொருளையும் சேர்க்கலாகாது. சேர்த்தால் குளோரின் வாயு எழும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே போர்க்களத்தில் நச்சுவாயுவாக ஏவப்பட்டது அதே குளோரின்தான். அமோனியாவோடு கலந்தாலும் நச்சுவாயு தோன்றும். குழந்தையின் சிறுநீர் ஊறிய துணியில் அமோனியா இருக்கக்கூடும். ஆகவே, அதனை முதலில் நீரில் நன்றாக அலசிய பின்பே வெளுப்புத் திரவத்தைத் தொடவேண்டும். ‘இரண்டு மருந்து சேர்ந்தால் இருமடங்கு பலன்’ என்னும் எண்ணம் இவ்விடத்தில் உயிருக்கே உலை வைத்துவிடும்.

நான்காவது, உலர்த்துதல். இதுவே முடிவான வேலை. வண்டியை முழுதும் விரித்து, மெத்தையைத் தனியே நிறுத்தி, வெயிலும் காற்றும் படும்படி வைக்கவேண்டும். வெயிலின் புறஊதாக் கதிர் வித்துக்களுள் பலவற்றை அழிக்கிறது. நிறத்தையும் சற்று மங்கச் செய்கிறது. மேற்புறம் காய்ந்தது போதாது. தையலையும் மெத்தையையும் அழுத்திப் பார்த்து, குளிர்ச்சி சற்றும் தோன்றாத வரை காயவிடவேண்டும். இரும்புச் சட்டத்தையும் திருகுகளையும் துடைத்து உலர்த்தினால் துருவும் அணுகாது.

செய்யத்தகாதன சில உள்ளன. வாடையை மறைக்க வாசனைத் திரவியம் தெளிப்பதால் பயனில்லை. பூஞ்சை அங்கேயே இருக்கும். சாம்பிராணிப் புகை மனத்துக்கு இனியதே. ஆனால், அது துணியின் ஈரத்தையோ உணவையோ நீக்குவதில்லை. புகை குழந்தையின் நெஞ்சுக்கும் நல்லதன்று. அந்துருண்டையைப் பற்றி இன்னும் கவனமாக இருக்கவேண்டும். பலர் குழந்தைத் துணிக்கிடையே அதனை இட்டுவைக்கிறார்கள். அதிலுள்ள நாப்தலீன் பூச்சியை விரட்டுவதற்காக ஏற்பட்டது, பூஞ்சணத்துக்கு மருந்தன்று. ஜி-6-பி-டி என்னும் நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு அதன் ஆவியாலேயே இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள் காமாலை உண்டாதல் கூடும். எந்தக் குழந்தைக்கு அக்குறை உண்டு என்பது முகத்தைப் பார்த்தால் தெரிவதில்லை. ஆதலின், குழந்தையின் துணிப்பெட்டியில் அந்துருண்டைக்கு இடமே இருத்தல் கூடாது.

எல்லாம் செய்தும் போகாவிட்டால்? நுரைமெத்தையின் உள்ளே பூஞ்சணம் இறங்கிவிட்டால், மேலே எத்தனை முறை கழுவினாலும் உள்ளிருக்கும் இழை மடிவதில்லை. நன்கு உலர்ந்த பின்னும் மெத்தையை அழுத்தும்போது வாடை வருமானால், அது உள்ளே இறங்கியதன் அடையாளம். அப்போது மெத்தையை எறிந்துவிட்டு, மடித்த பருத்தித் துணியைக் குழந்தை அமரும் இடத்தில் சமமாக இட்டுத் தைத்துக்கொள்ளலாம். 2015 டிசம்பரில் காஞ்சிபுரம், சென்னை மாவட்டங்களில் வெள்ளம் புகுந்தது போன்ற காலங்களில் சாக்கடை நீரில் ஊறிய மெத்தையை உலர்த்திப் பயன்படுத்த எண்ணவே கூடாது. சேலையால் ஆன தூளியைக் கொதிநீரில் மீட்கலாம். ஊறிய நுரையை மீட்க முடியாது. பணம் கொடுத்து வாங்கிய பொருளை எறிய மனம் வருவதில்லை என்பது உண்மையே. ஆனால், எறிவது மெத்தையை மட்டுமே, வண்டியையன்று.

வருமுன் காக்கும் வழி மிக எளிது. பால் சிந்தினால் அன்றே கழுவவேண்டும். மழையில் நனைந்த வண்டியை மடக்காமல் விரித்து வைக்கவேண்டும். மழைக்காலத்தில் பயன்படாத வண்டியைப் பரணில் ஏற்றுமுன் துவைத்து, இரண்டு நாள் வெயிலில் காய்ச்சி, காற்றுப் புகும் பழந்துணியால் மூடவேண்டும். பிளாஸ்டிக் உறையால் மூடினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாது. மார்கழியில் வெயில் தலைகாட்டும்போதெல்லாம் இறக்கி விரித்துப் போட்டால் போதும்.

நான் சொன்னவற்றை மாணவர்கள் அப்படியே நம்பவேண்டியதில்லை, சோதித்துப் பார்க்கலாம். உள்ளங்கை அளவுள்ள நான்கு துணித்துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு பருத்தி, இரண்டு பாலியெஸ்டர். நான்கையும் நன்றாகத் துவைத்துக் காயவைத்த பின், ஒரு பருத்தித் துண்டில் அரிசிக் கஞ்சியும், ஒரு பாலியெஸ்டர் துண்டில் பாலும் தடவுங்கள். நான்கின்மேலும் சிறிது நீர் தெளித்து, ஒரு மணிநேரம் காற்றில் திறந்து வைத்து, தனித்தனிப் பிளாஸ்டிக் உறைகளில் இட்டு இறுகக் கட்டிவிடுங்கள். ஏழெட்டு நாள் உறையைத் திறவாமல் வெளியிலிருந்தே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் பிரிக்காமலே குப்பையில் சேர்த்துவிடுங்கள். எது முதலில் பூத்தது, எது கடைசிவரை பூக்கவில்லை என்பதைக் கண்ட பின், முலாம்பழத் துண்டின்முன் அமர்ந்திருந்த மிக்கேலியின் வியப்பு உங்களுக்கும் உண்டாகும்.

பெரிய நோய்களுக்குப் பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. ஆனால், குழந்தை மூச்சுவிடும் துணியைத் தூயதாக வைப்பது வீட்டிலிருப்போர் கையில்தான் இருக்கிறது. புள்ளியைக் கண்டதும், ‘இதற்கு உணவு எங்கே இருக்கிறது? நீர் எங்கிருந்து வருகிறது?’ என்று இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் தங்கையோ, தம்பியோ, அக்காள் குழந்தையோ இருந்தால், இன்றைக்கே அதன் வண்டியின் மடிப்பை விரித்துப் பாருங்கள்.